பஞ்சுவின் கால்கள்

பஞ்சு என்ற வெள்ளைக் குதிரையின் கால்கள் வளரத் தொடங்கிவிட்டதை முதலில் கண்டுகொண்டது யாருடைய கண்ணும் இல்லை, வெள்ளிங்கிரியின் வலது கை. முந்தின வாரம்வரை அந்தக் கை, குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் கோகிலவாணியின் தொடைக்குக் குறுக்கே, கதவுக்குப் போட்ட தாழ்ப்பாள் மாதிரி எந்தச் சிரமமும் இல்லாமல் படிந்துகொண்டிருந்தது. அன்றைக்கு அதே தொடையைத் தேடிப்போன கை நாலு விரல்கடை தாழ்வாக, முழங்காலுக்குச் சற்று மேலே போய் முட்டி நின்றது. கைதான் சுருங்கிவிட்டதோ என்று அவர் முதலில் பயந்தார். பிறகு, தான்தான் குள்ளமாகிவிட்டோமோ என்று பயந்தார். குதிரை உயர்ந்திருக்கிறது என்பது மூன்றாவதாகத்தான் தோன்றியது, அதற்கும் பயந்தார். இந்த வரிசையை வைத்தே அவர் எப்படிப்பட்ட மனிதர் என்று வாசகர் ஒரு முடிவுக்கு வந்துவிடலாம். அந்த முடிவு பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

அவர் பஞ்சாலை ஒன்றில் பாதுகாப்பு அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். தொடாதே, ஓடாதே, புகைக்காதே, எட்டிப் பார்க்காதே என்று ஆயுள் முழுக்க எதிர்மறை ஏவலிலேயே பலகை எழுதி மாட்டியவர். வெள்ளிங்கிரி மலையின் பெயரை வைத்துக்கொண்டு, ஊரே கம்பூன்றி ஏறுகிற அந்த மலையில் ஒரு படிகூட ஏறாதவர். வீட்டில் பல்பு மாற்ற அவர் ஸ்டூலில் ஏறமாட்டார். மனைவி சுலோச்சனா ஏறினால் ஸ்டூலை இரண்டு கைகளாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு, பல்பு எரிகிறவரை கண்ணை மூடியிருப்பார். வேலை இருந்தவரை அந்தப் பயத்துக்கு ஒரு பஞ்சாலை முழுவதும் மேய இடம் இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு அது குக்கர், காஸ் ஸ்டவ், ஈரக் குளியலறை என்று சிறிய இடத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றதில், சுலோச்சனா ஒரு நாள் வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

"இந்த ஊட்டுல நீங்க புடிச்சுக்கறதுக்கு நானும் ஸ்டூலும்தான் இருக்கறோம். ரெண்டு பேருக்கும் சலிச்சுப்போச்சுங்க. எங்கியாச்சும் போயி, புடிச்சுக்க ஆள் வேணுங்கறவங்களப் புடிச்சுக்குங்க."

அப்படிப்பட்ட இடம் ஒன்று உண்மையிலேயே இருந்தது. கோயம்புத்தூருக்கு மேற்கே, பேருந்து திரும்பிப் போய்விடுகிற இடத்துக்கும் மலை ஆரம்பிக்கிற இடத்துக்கும் நடுவில், பாக்குத் தோப்புகள் சூழ, ஆளுயரத்துக்கு மேல் சுவர் எழுப்பிய ஒரு மைதானம். கால் சொன்னபடி கேட்காதவர்கள், கழுத்து நிற்காதவர்கள், பேச்சு வராதவர்கள் அங்கே வந்து குதிரைமேல் ஏறி வட்டம் சுற்றினார்கள். குதிரை நடக்கும்போது மேலே இருப்பவரின் இடுப்பு, தானே நடப்பது போல் அசையும் என்பதும், அசைந்து அசைந்து முதுகு நிமிரும் என்பதும் அந்த வைத்தியத்தின் தத்துவம். நடத்தியவர் ரெபேக்கா என்ற பிசியோதெரபிஸ்ட். குதிரைகளுக்குப் பொறுப்பு மஸ்தான் பாய். பஞ்சு அவருடைய செல்லம். முன்பு கல்யாண ஊர்வலங்களில் மாப்பிள்ளைகளைச் சுமந்தவள். பேண்டு வாத்தியம், சரவெடி, குடித்துவிட்டு ஆடும் மாமன்மார் என எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டதால் உலகத்தில் அவளைத் திடுக்கிட வைக்க இனி எதுவும் பாக்கியில்லை.

ஒவ்வொரு குதிரைக்கும் மூன்று பேர். ஒருவர் முன்னால் கயிற்றைப் பிடித்து நடத்துவார், இருவர் இரு பக்கமும் மேலே இருப்பவரின் தொடைமேல் கைவைத்து நடப்பார்கள். வெள்ளிங்கிரி இடது பக்கம். வலது பக்கம் ஜெகதா, தையல்கடை வைத்திருப்பவள். சேர்ந்த முதல் நாளே ரெபேக்கா இரண்டு விதிகளைச் சொல்லிவிட்டார். என்ன நடந்தாலும், வானமே இடிந்தாலும், கயிறு பிடிப்பவர் குதிரையோடு இருக்க வேண்டும், பக்கத்தில் நடப்பவர் மேலே இருப்பவரோடு இருக்க வேண்டும், ஒருவர் வேலையை மற்றவர் பார்க்கக் கூடாது. இது முதல் விதி. குதிரை புறப்படுவதும் நிற்பதும் மேலே இருப்பவரின் சொல்லுக்குத்தான், வேறு எவரும் 'நட' என்றோ 'நில்' என்றோ வாயைத் திறக்கக் கூடாது, அந்தச் சொல் வர எவ்வளவு நேரமானாலும் எல்லோரும் காத்திருக்க வேண்டும், இது இரண்டாவது. வெள்ளிங்கிரி இரண்டையும் அன்றே பலகையில் எழுதி மாட்டினார். அதோடு நிறுத்தாமல், 'குதிரைக்குப் பின்னால் நிற்காதே', 'ஈரக் கையால் தொடாதே', 'சுவர் ஏறாதே' ஆகியவற்றையும் எழுதினார். கடைசிப் பலகையை மட்டும் நம்ப மனம் வராமல், சுவர்மேல் கண்ணாடிச் சில்லும் பதித்தார்.

இரண்டாவது விதி கோகிலவாணிக்குப் பிடித்தமானது. இருபதுகளின் நடுவில் இருந்தவள்; பிறந்த நேரத்தில் மூளைக்கு மூச்சு எட்டாமல் போனதால், கை கால்கள் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமும் இழுத்துக்கொண்டே வளர்ந்தவள்; அஞ்சல்வழியில் பொருளாதாரம் படித்தவள். அவள் பேச்சு இங்கே எழுதப்படுவது போல் ஓடி வராது. வாசகர் வேண்டுமானால் ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஒரு முழு மூச்சை வைத்துப் படித்துக்கொள்ளலாம். அவளோடு பழகியவர்கள் அப்படித்தான் கேட்டார்கள். குதிரைமேல் ஏறியதும் அவள் வேண்டுமென்றே இன்னும் கொஞ்சம் தாமதிப்பாள். மூன்று பெரிய மனிதர்களும் ஒரு மிருகமும் தன் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பதை நன்றாக அனுபவித்துவிட்டு, அப்புறம்தான் "நட" என்பாள்.

அன்று நாலு விரல்கடையைக் கைவிட்டு ஆராய்ந்துகொண்டிருந்த வெள்ளிங்கிரியிடம், "என்னங் சார், முழங்காலு புதுசா இருக்குதா?" என்றாள்.

"குதிர ஒசந்திருக்குது அம்மிணி."

"வளர்ற வயசு" என்றாள் கோகிலவாணி. பஞ்சுவுக்கு அப்போது பேரன் பேத்தி எடுக்கிற வயது.

ரெபேக்கா அளவுகோலைக் கொண்டுவந்தார். குதிரையின் உயரத்தைத் தலைவரை அளப்பது தவறு, கழுத்தும் முதுகும் சேருகிற மேட்டுவரைதான் அளக்க வேண்டும். தலை என்பது தூக்கவும் தாழ்த்தவும் கூடியது, அதை நம்பி எதையும் அளக்க முடியாது, இது மனிதருக்கும் பொருந்தும். அப்படி முறையாக அளந்ததில் மேடு உயர்ந்துதான் இருந்தது. ஆனால் முதுகின் அகலம் அதே அகலம், வயிறு அதே வயிறு, கழுத்து அதே கழுத்து. கால்கள் மட்டும், நான்கும் ஒரே அளவாக, நீண்டிருந்தன. ரெபேக்கா யோசித்தார். குதிரை எடுத்துவைக்கும் எட்டு நீளமானால் இடுப்பு அசைவும் நீளமாகும், தசைக்கு நல்லதுதான் என்றார். மஸ்தான் பாய் குளம்பைத் தூக்கிப் பார்த்தார், மூட்டைத் தட்டிப் பார்த்தார், சாணத்தைக் கிளறிப் பார்த்தார், எல்லாம் ஒழுங்காக இருந்ததால், "நல்லாத்தானுங்க இருக்கறா" என்று எழுந்துவிட்டார். ஏறுவதற்கான சாய்தளத்தின்மேல் ஒரு வரிசை செங்கல் கூடுதலாக வைத்தார்கள். அந்த விஷயம் அத்துடன் முடிந்தது. வெள்ளிங்கிரியின் வயிற்றில் மட்டும் முடியவில்லை.

ஏனென்றால் அவசர இறக்கம் என்று ஒன்று இருந்தது. குதிரை மிரண்டால் பக்கத்தில் நடப்பவர் மேலே இருப்பவரை இடுப்போடு அணைத்து, ஒரே இழுப்பில் இறக்கிவிட வேண்டும். அதை அவர் வீட்டில் கட்டில்மேல் தலையணைகளை அடுக்கி, சுலோச்சனாவின் பழைய சேலையைச் சுற்றி, ஆயிரம் தடவை பழகியிருந்தார். இடுப்பு எட்டினால்தானே இழுப்பது? அடுத்த வாரம் அவர் கை முழங்காலைத்தான் பிடித்தது. அதற்கடுத்து கெண்டைக்கால். மழைக்காலம் தொடங்கியபோது, கோகிலவாணி அணிந்திருந்த கனத்த பூட்ஸின் கணுக்காலுக்குக் கையை முழுதாக உயர்த்த வேண்டியிருந்தது. வாருக்குமேல் வார் போட்டு முழங்கால்வரை இறுக்கிக் கட்டும் அந்த பூட்ஸை அவள் அடியோடு வெறுத்தாள், 'என்ர லாடம்' என்பாள். லாடத்தின் நுனியைப் பிடித்துக்கொண்டு, மேலே அண்ணாந்து பார்த்தபடி, அவர் வட்டம் சுற்றினார். அவள் ஒரு தடவை இருமினால் இவர் அவசர இறக்கத்துக்கு மற்றக் கையையும் தூக்கிவிடுவார். அவள் விழுகிற காட்சி, எல்லாக் கோணத்திலும், எல்லா வேகத்திலும், அவருக்குள் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு காட்சியின் முடிவிலும் அவர் கையில் ஒரு பூட்ஸ் மட்டும் இருந்தது.

ஊர் இதை எடுத்துக்கொண்ட விதம்தான் அவருக்கு இன்னும் பீதியைக் கிளப்பியது. ஊர் பயப்படவே இல்லை. லாயத்தின் ஓடுகளைப் பிரித்து, பாக்கு மட்டைகளால் உயரமாக வேய்ந்துகொடுத்தார்கள். பஞ்சு மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியிலேயே வாய்வைத்துத் தண்ணீர் குடித்தாள். மூடியைத் திறந்துவைக்கும்படி பஞ்சாயத்து ஆளிடம் சொல்லிவைத்தார்கள். தின்பது மட்டும் கூடவில்லை, அதே பழைய கொள்ளு, அதே பழைய புல், அதனால் அவளைச் சிக்கனமான குடும்பத்துப் பெண் என்று பெண்கள் பாராட்டினார்கள். மின்வாரியத்திலிருந்து ஒருவர் வந்து, கம்பிக்கும் குதிரைக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்துவிட்டு, குதிரையை ஒன்றும் சொல்லாமல் கம்பியை உயர்த்திக் கட்டிவிட்டுப் போனார். பஞ்சுவின் பழைய முதலாளியான பேண்டுசெட்டுக்காரர் ஆசையோடு வந்து பார்த்தார். மாப்பிள்ளையை நேராக மண்டபத்தின் மொட்டைமாடியில் இறக்கலாம்தான், ஆனால் பெண்வீட்டார் ஆரத்தித் தட்டோடு எப்படி ஏறிவருவார்கள் என்று யோசித்து, மனமில்லாமல் திரும்பிப் போனார்.

முக்கியமாக, கோகிலவாணிக்குத் தெரிய ஆரம்பித்தது. சாய்தளத்துக்குப் பதிலாக மூங்கில் சாரம் கட்டி, வெள்ளிங்கிரி பஞ்சாலையிலிருந்து தேடிக் கொண்டுவந்த கப்பியில் நாற்காலி தொங்கவிட்டு அவளை ஏற்றத் தொடங்கிய பிறகு, சுவருக்கு அந்தப் பக்கம் அவளுக்குத் தெரிந்தது. முதலில் பாக்குப் பறிப்பவர்களின் தலைகள். பிறகு குளமும் அதில் நீர்க்கோழிகளும். பிறகு பேருந்து நிறுத்தமும், அவள் வீட்டு மொட்டைமாடியும், அதில் அம்மா காயப்போட்டுவிட்டு மறந்த மிளகாயும். இருபது சொச்சம் வருடங்களாக ஊரை ஜன்னல் அளவில் மட்டுமே பார்த்திருந்தவள் அதை மேலிருந்து முழுசாகப் பார்த்தாள். பார்த்ததையெல்லாம் உரக்க, ஒவ்வொரு சொல்லாக, கீழே அறிவித்தாள். அதனால் காலை நேரத்தில் மைதானத்து வாசலில் ஆட்கள் சேர ஆரம்பித்தார்கள்.

"ஏனம்மிணி, எங்க எருமை தெரியுதா பாரு. கொம்பு ஒண்ணு ஒடஞ்சது."

"பள்ளத்துல கெடக்குதுங்க. உங்க மருமகன் மரத்தடியில தூங்கறாரு, எருமைக்குக் காவலா."

"அவன எழுப்பறதுக்கு ஒரு சத்தம் போட்டுரு கண்ணு."

"எருமைக்கு ஒரு தேன்மிட்டாய் கூலி. மருமகனுக்கு ரெண்டு."

ஒருநாள் வாழைத்தோட்டத்தின் ஓரத்தில் யானைகள் நிற்பதை வனத்துறைக்கு முன்பே அவள் பார்த்துச் சொல்லி, ஊர் திரண்டு தகரம் தட்டி விரட்டியது. அன்றிலிருந்து தோட்டக்காரர்கள் டீக்கடையில் வானிலையை விசாரிக்கும் முன்னால், 'அந்தப் புள்ள மேல ஏறியாச்சா?' என்றுதான் விசாரித்தார்கள்.

வெள்ளிங்கிரிக்கு எதுவும் காதில் ஏறவில்லை. அவருடைய காதில் ஏறியது மஸ்தான் பாய் பீடியைக் கையில் உருட்டியபடி சும்மா சொன்ன ஒரு வாக்கியம்தான். "நெஞ்சுல அடிக்கறது குதிரைக்குக் கேக்குமுங் சார். நம்ம பயந்தமுன்னா அதுக்குள்ளாற போயிருமுங்க."

அந்தக் கணத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. தான் சேர்ந்த மாதத்தில்தான் கால் வளர ஆரம்பித்தது. தன் பயம்தான் அந்தக் குதிரைக்குள் போய்க் காலாக நீள்கிறது. வீட்டில் சுலோச்சனாவிடம் சொன்னார்.

"அப்படீன்னா நீங்க பயந்ததுக்கு என்ர ஸ்டூலு இந்நேரம் தென்னைமரம் ஆயிருக்கோணுமே" என்றாள் அவள், வெங்காயம் உரித்தபடி.

சோதித்துப் பார்க்க ஒரு வாரம் போகாமல் இருந்தார். அந்த வாரம் முழுதும், இடது பக்கத்தில் வேறு யாரோ, எவனோ ஒரு கவனமில்லாதவன், நடந்துகொண்டே போனில் பேசுகிறவன், அவளுடைய பூட்ஸைப் பிடித்திருக்கிறான் என்று நினைத்து நினைத்து வீட்டில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. திரும்பிப் போனபோது பஞ்சுவின் கால்கள் பாக்குமரத் தண்டுகள் மாதிரி, வெள்ளையாக, கணுக்கணுவாக, மேலே மேலே போயிருந்தன. அவர் இருந்தால் வளர்ச்சி விரல்கடை, இல்லாவிட்டால் முழம். அவர் பேசாமல் போய் இடது பக்கத்தில் நின்றுகொண்டார். பூட்ஸின் அடிப்பாகம் இப்போது நுனிக்காலில் நின்று எக்கினால், நடுவிரல் நுனிக்கு மட்டும் பட்டது.

அந்த மாதக் கடைசியில், மைதானத்துக்குப் பணம் தருகிற அறக்கட்டளையிலிருந்து ரெபேக்காவுக்கு போன் வந்தது. குதிரை ஒழுங்கான உயரத்துக்கு வரும்வரை யாரும் மேலே ஏறக்கூடாது. வராவிட்டால் அதை எங்காவது அனுப்பிவிட வேண்டும். நாளைக் காலை மட்டும், ஏற்கெனவே சொல்லியாகிவிட்டதால், கோகிலவாணிக்குக் கடைசியாக ஒரு வட்டம். ரெபேக்கா எல்லோரையும் தீவனக் கொட்டகையில் உட்கார வைத்து இதைச் சொன்னார். சக்கர நாற்காலியில் கோகிலவாணியும், பக்கத்தில் அவள் அம்மா ருக்மணியும் இருந்தார்கள்.

வெள்ளிங்கிரி எழுந்தார். தன் வாழ்நாளில் விபத்து விசாரணைகள் பலவற்றை நடத்தியவர், குற்றவாளியாக எழுந்தது இதுதான் முதல் தடவை.

"குதிரைய ஒண்ணும் பண்ண வேண்டாமுங்க. காரணம் நான். என்ர பயந்தான் அதுக்குள்ள போயி வளருது. நான் நின்னுக்கறேன்." நின்றால் முழக்கணக்கில் வளரும் என்பது ஞாபகம் வந்து, "நின்னாலும் சிரமந்தான்" என்று சேர்த்துக்கொண்டார்.

மஸ்தான் பாய் தரையைப் பார்த்தார். "நீங்க இல்லீங் சார். நானு. இவளுக்கு வயசாயிப்போச்சு, எப்பவாச்சும் வித்துப்போடுவாங்களோன்னு நாந்தான் தெனமும் கயித்தப் புடிச்சுட்டு நடுங்கறது. கயிறு நேரா அவ வாயிக்குத்தானுங்க போவுது."

"உங்க ரெண்டு பேருக்கும் என்ன பெரிய பயம்?" என்றாள் ஜெகதா, கிட்டத்தட்டச் சண்டைக்கு வந்தவளாக. "என்ர கை ஊசி புடிச்சுப் புடிச்சு மரத்துப்போச்சு. அவ சரிஞ்சா எனக்குத் தெரியாமயே போயிருமோன்னு, வெளிய சொல்லாம எத்தன மாசமாப் பயந்துட்டிருக்கறேன். வலது காலு ரெண்டும் என்னோடது. நீங்க வேணா இடது கால எடுத்துக்குங்க."

ரெபேக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யாராவது ஒருவர் விழுந்து, ஊர் கூடி, இந்த இடத்தை மூடிவிடுவார்களோ என்ற பயத்தில், தான் மைதானத்துக்குள் நுழையும் ஒவ்வொரு காலையும் குதிரை தன்னைத் திரும்பிப் பார்க்கிறது என்று ஒப்புக்கொண்டார்.

ருக்மணி கடைசியில் பேசினாள், யாரையும் பார்க்காமல். "நான் அந்த வேப்பமரத்தடியில உக்காந்து பாத்துட்டே இருப்பனுங்க. எனக்கப்பறம் இவள ஆரு எறக்கிவிடுவாங்கன்னு நெனப்பு வரும். அப்பத்தானுங்க அந்தக் காலு நீளறதப் பாத்திருக்கறேன்."

ஒரே சொத்துக்கு உரிமை கொண்டாடிக்கொண்டிருந்த மற்ற நால்வரும், அதில் யாருடைய பங்கு பெரியது என்று தெரிந்துவிட்டது போல் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்தார்கள். பிறகு சக்கர நாற்காலியிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. கோகிலவாணிக்குச் சிரிப்பு வந்தால் உடம்பு முழுக்க வரும், அடங்க நேரமாகும். அவர்கள் காத்திருந்தார்கள், காத்திருக்கத்தான் அவர்கள் நன்றாகப் பழகியிருந்தார்களே.

"எல்லாரும் சொன்னீங்க, என்னக் கேக்கலையே" என்றாள். "மேல இருக்கறப்ப எனக்குப் பயமே இல்லைன்னு நெனச்சீங்களா? சாகறேன் பயத்துல. ஆனா அது என்ர பயம். கீழ எனக்குன்னு ஒரு பயத்தக்கூட நீங்க விட்டுவெக்கல. நெருப்பு, தண்ணி, நாயி, நாளைக்கி, நாளான்னைக்கி, எல்லாத்தையும் எனக்காக நீங்களே பயந்து முடிச்சுப்போட்டீங்க. மேல போனாத்தான் எனக்குன்னு கொஞ்சம் கெடைக்குது."

"அப்ப நாளைக்கு..." என்றார் ரெபேக்கா.

"நாளைக்கு ஏத்துங்க. அப்பறம் பாக்கலாம்."

காலையில் வெயில் மலைமேல் விழுந்து, சரிவில் இன்னும் இறங்காமல் நின்றது. வெள்ளிங்கிரி சாரத்தின் ஒவ்வொரு முடிச்சையும் சரிபார்த்தார், கப்பிக்கு எண்ணெய் விட்டார், கயிற்றைத் தன் எடையால் இழுத்துப் பார்த்தார், பிறகு சுலோச்சனாவை அழைத்துவந்து அவள் எடையாலும் இழுக்க வைத்தார். நாற்காலி கிறீச்சிட்டுக்கொண்டு மேலே போனது. சாரத்தின் உச்சியில் நின்றிருந்த ரெபேக்கா கோகிலவாணியைப் பஞ்சுவின் முதுகில், கைப்பிடி வைத்த பட்டைக்குப் பின்னால், பத்திரமாக உட்கார வைத்தார். கீழே மஸ்தான் பாய், கிணற்றுக் கயிறுகளை முடிந்து நீட்டிய தலைக்கயிற்றைப் பிடித்து நின்றார். வெள்ளிங்கிரி இடது பக்கத்தில், வெள்ளைத் தண்டுகளுக்கு நடுவே, கையைத் தலைக்குமேல் முழுதாகத் தூக்கி, நுனிக்காலில் எக்கினார். விரலுக்கும் பூட்ஸுக்கும் நடுவில் இன்று வெறும் காற்றுதான் இருந்தது.

மேலேயிருந்து, நிதானமாக, "நட" என்று வந்தது.

அவர்கள் நடந்தார்கள். வெள்ளிங்கிரி தூக்கிய கையை இறக்காமல், எதையும் தொடாத அந்தக் கையோடு, பாதி வட்டம் சுற்றினார். தோள் எரிந்தது.

"சார்!" என்றது மேலே குரல். "கைய எறக்குங்க. புடிங்க இத."

ஏதோ வார்கள் அவிழும் சத்தம், முனகல், அவளுடைய விறைத்த விரல்களோடு அவள் போடுகிற நீண்ட வழக்கு. பிறகு இடது பூட்ஸ் வானத்திலிருந்து விழுந்தது. அவர் அதைப் பிடித்துவிட்டார். அத்தனை காட்சியிலும் கடைசியில் அவர் கையில் தங்கிய அதே பூட்ஸ். உள்ளே கால் இல்லாமல், இன்னும் சூடாக. அண்ணாந்து பார்த்தார். மேலே, சிறியதாக, ஒரு வெறுங்கால் காற்றில் விரல்களை விரித்துக்கொண்டிருந்தது. என்ன செய்வது என்று தெரியாமல் அவர் அந்த பூட்ஸைத் தன் தோளுக்குச் சற்றுக் கீழே, தொடை இருந்திருக்க வேண்டிய உயரத்தில், முதல் நாள் கற்றுக்கொடுத்த அதே பிடியில் பிடித்துக்கொண்டு நடந்தார்.

வட்டம் முடிந்து சாரம் வந்தது. மஸ்தான் பாய் நடையைத் தளர்த்தி மேலே பார்த்தார். சாரத்தில் நின்ற ரெபேக்கா பார்த்தார். வேப்பமரத்தடியிலிருந்து ருக்மணி பார்த்தாள். 'நில்' என்ற சொல் வரவேண்டும். அந்தச் சொல் அவளுடையது. அவள் சொல்லாமல் எவரும் சொல்லக் கூடாது. அவர்கள் காத்திருந்தார்கள். பஞ்சு, நிற்கச் சொல்லப்படாததால், நிற்காமல் மெதுவாக நடந்துகொண்டே சாரத்தைத் தாண்டினாள். ரெபேக்காவின் வாய் திறந்தது; பலகை எதிரே இருந்தது; வாய் மூடிக்கொண்டது.

"நட" என்றாள் கோகிலவாணி மறுபடியும். இந்த முறை அந்தச் சொல் தாமதமே இல்லாமல் வந்தது. பட்டையின் கைப்பிடியைப் பிடித்து உடம்பை மேற்கே சாய்த்தாள்.

மேற்கே சுவர் இருந்தது. பஞ்சு சுவருக்கு முன்னால் தயங்கவில்லை, தாவவும் இல்லை. வாசலில் கிடக்கிற செருப்பைத் தாண்டுகிற பெண்ணைப் போல் ஒரு காலைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தாள், அடுத்ததை வைத்தாள். ஊரில் யாரோ 'அய்யோ' என்றார்கள். தலைக்கயிறு சுவர்மேல் இழுபட்டது.

"நான் குதிரையோட!" என்று கத்திக்கொண்டு மஸ்தான் பாய் கயிற்றைப் பிடித்தபடியே, சுவரோரம் கிடந்த கோணியை வீசிக் கண்ணாடிச் சில்லுகளை மூடி, அதன்மேல் ஏறிக் குதித்தார்.

குதிரை அந்தப் பக்கம். மேலே இருப்பவள் அந்தப் பக்கம். பக்கத்தில் நடக்க வேண்டியவர் இந்தப் பக்கம். வெள்ளிங்கிரியின் முகத்துக்கு நேரே, அவர் கையெழுத்தில், 'சுவர் ஏறாதே' என்று இருந்தது. அவர் பூட்ஸின் வாரைப் பல்லில் கடித்துக்கொண்டு, பலகையின் மேல் விளிம்பிலேயே காலை வைத்து ஏறினார். பலகை உறுதியாக இருந்தது, நன்றாக அறைந்திருந்தார். உச்சியில் ஒரு கணம், கோணிக்குக் கீழே தன் சில்லுகள் நறநறக்க, மண்டியிட்டபடி, இரண்டு பக்கமும் பள்ளமாக, கட்டிப்பிடிக்க ஒரு ஸ்டூல்கூட இல்லாமல் அவர் இருந்தார்.

"சார்! கேட்டுன்னு ஒண்ணு இருக்குதுங் சார்!" என்று வாசலை நோக்கி ஓடிக்கொண்டே ஜெகதா கூவினாள்.

"உடுங்க ஜெகதா, அவரு ஏறிட்டாரு" என்றாள் சுலோச்சனா. அவள் குரலில் கேலி இல்லை. முப்பது வருடங்களில் முதல் தடவையாக, ஸ்டூலை அவள் பிடித்துக்கொண்டிருப்பது போல், இரு கைகளையும் நீட்டி நின்றிருந்தாள்.

அவர் குதித்தார். வேட்டி கிழிந்தது, முட்டி உரிந்தது, உயிர் இருந்தது. நொண்டிக்கொண்டே ஓடி, வெள்ளைத் தண்டுகளில் இடது முன்காலுக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்து, பூட்ஸை வாயிலிருந்து எடுத்து அதே தொடை உயரத்தில் பிடித்துக்கொண்டார்.

ஊர்ப் பாதையில் அவர்கள் போனார்கள். டீக்கடையில் ஆட்கள் எழுந்து வழிவிட்டார்கள், ஒருவர் தன் ஆடு எங்கே என்று கேட்டார், ஒருவர் மேலே பார்த்துக் கும்பிட்டுவிட்டு எதற்குக் கும்பிட்டோம் என்று தெரியாமல் தலையைச் சொறிந்தார். பின்னால் ஜெகதா மூச்சிரைக்க வந்து வலது பக்கத்தில் சேர்ந்துகொண்டாள். அதற்கும் பின்னால் ருக்மணி, வெறும் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு, ஓட்டமும் நடையுமாக. பாக்குத் தோப்பின் நிழல் முடிந்தது. எதிரே மலை முழுதாக நின்றது. வெள்ளிங்கிரி அண்ணாந்து பார்க்கப் பார்க்க, அவருடைய கண்ணுக்கு முன்னாலேயே, பஞ்சுவின் முழங்கால் ஒரு கணு மேலே போனது.

மேலிருந்து குரல் இப்போது தூரமாகக் கேட்டது. "சார், பயமா இருக்குதுங்களா?"

அவர் பொய் சொல்லவில்லை. "ரொம்ப பயமா இருக்குது அம்மிணி."

"எனக்குந்தான். நல்லாப் பயப்படுங்க சார், இன்னும் கொஞ்சம்" என்றாள் கோகிலவாணி. "மலைக்கு அந்தப் பக்கம் இன்னும் தெரியல."